பயிற்சிக்கு ஒரு தோட்டா, பாதுகாப்புக்கு ஒரு தோட்டா: 12 அங்குலக் கணக்கு எங்கிருந்து வந்தது?

அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளில் குண்டின் விட்டத்தைக் குறிக்கும் 9 மி.மீ. என்ற ஒரே அளவிலேயே இருபது முப்பது வகைத் தோட்டாப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். 50 தோட்டா அடங்கிய பெட்டி பதினைந்து டாலருக்குக் கிடைக்கும். அதற்குப் பக்கத்திலேயே 20 தோட்டா மட்டும் உள்ள சின்னப் பெட்டிக்கு இருபத்தைந்து டாலருக்கு மேல் விலை போட்டிருப்பார்கள். இரண்டும் ஒரே துப்பாக்கியில் போகும், ஒரே குழல் வழியாக வெளியே வரும். அப்படியானால் ஒரு தோட்டாவுக்கு நான்கு மடங்குக்கு மேல் விலை எதற்கு? கடைக்காரரிடம் கேட்டால் 'இது பயிற்சிக்கு, அது பாதுகாப்புக்கு' என்பார். பதில் சரிதான். ஆனால் அந்தப் பிரிவு எப்படி உண்டானது, எந்தச் சோதனையை வைத்து ஒரு தோட்டாவை நம்பலாம் என்று சொல்கிறார்கள் என்பதை அறியாமல் வாங்குபவர்கள்தான் அதிகம். உயிர் போகும் விஷயத்தில் பெட்டியின் மேல் உள்ள படத்தையும் பெயரையும் பார்த்து முடிவெடுப்பது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

இது பெரும்பாலும் அமெரிக்காவுக்கே உரிய கேள்வி. இந்தியாவில் 9 மி.மீ. தடை செய்யப்பட்ட வகை; உரிமம் பெற்ற பொதுமக்களுக்கும் கிடைக்காது. அமெரிக்காவிலோ 2024-இன் நிலவரப்படி 29 மாநிலங்களில் தனி அனுமதி எதுவும் இல்லாமலே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். 2022 ஜூனில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு நியூயார்க், நியூ ஜெர்சி போன்ற கெடுபிடி மாநிலங்களிலும் அனுமதி பெறுவது எளிதாகியிருக்கிறது. நம்மவர்கள் நிறைய வசிக்கும் இடங்கள் இவை. அதனால் தமிழிலும் இதைப் பேச வேண்டிய தேவை வந்துவிட்டது.

முதலில் தோட்டாவைப் பிரித்துப் பார்ப்போம். வெளியே பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் தீப்பற்றும் ப்ரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. பறந்து போவது குண்டு மட்டும்தான். அதன் எடையை கிரெயின் என்ற பழைய அளவில் சொல்வார்கள். ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். 9 மி.மீ.யில் 115, 124, 147 என்ற மூன்று எடைகள்தான் பெரும்பாலும் விற்பனையாகின்றன. கிராமில் ஏறத்தாழ ஏழரை, எட்டு, ஒன்பதரை. எடை கூடக் கூட வேகம் குறையும். 115 கிரெயின் குண்டு விநாடிக்கு 350 மீட்டரை ஒட்டிப் போகும். 147 கிரெயின் சுமார் 300 மீட்டர், அதாவது ஒலியின் வேகத்துக்கும் கீழே.

பயிற்சித் தோட்டாவின் குண்டு, ஈயத்தின் மேல் செம்புக் கவசம் போர்த்தி முனை உருண்டையாக இருக்கும். எஃப்.எம்.ஜே. (ஃபுல் மெட்டல் ஜாக்கெட்) என்று அழைப்பார்கள். பாதுகாப்புத் தோட்டாவின் குண்டுக்கு முனையில் பள்ளம் உண்டு. அதுதான் ஹாலோ பாயிண்ட். உடலுக்குள் நுழைந்ததும் பள்ளத்தில் ஈரமான திசு அழுத்தத்தோடு நிரம்பி, குண்டின் வாயைப் பூப்போல விரித்துவிடும். 9 மி.மீ. குண்டு நல்ல வடிவமைப்பில் 14, 15 மி.மீ. அகலம் வரை விரியும். அகலமானதும் வேகம் தணிந்து உள்ளேயே நின்றுவிடும். உருண்டை முனைக் குண்டு அப்படி நிற்காது. ஆளைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வெளியேறி, பின்னால் இருப்பவரையும் தாக்கக்கூடும். நியூயார்க் நகரக் காவல்துறை 1998-இல் ஹாலோ பாயிண்டுக்கு மாறும் முடிவை எடுத்தபோது முன்வைத்த முக்கியக் காரணம் இதுதான்: நெரிசலான நகரத்தில் குண்டு குறியைத் தாண்டிப் போகக் கூடாது.

விரியும் குண்டின் வரலாற்றில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1890-களில் கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதத் தொழிற்சாலையில் பிரிட்டிஷார் செய்த மென்முனைக் குண்டுகள் எழுப்பிய சர்ச்சையால், 1899 ஹேக் மாநாட்டில் போரில் விரியும் குண்டுகளைப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு பிரகடனம் வந்தது. அது நாடுகளுக்கு இடையிலான போருக்கு மட்டுமே பொருந்தும். காவல்துறையையும் பொதுமக்களையும் அது கட்டுப்படுத்தாது. 'போரில் தடை செய்த குண்டைத் தெருவில் எப்படி அனுமதிக்கிறார்கள்?' என்று கேட்பவர்கள் உண்டு. போர்க்களத்தில் குண்டு மறுபக்கம் போனால் பெரும்பாலும் யாருக்கும் கவலை இல்லை. மளிகைக் கடை வாசலில் நிலைமை வேறு. அந்த வேறுபாடு நியாயமானது என்றே நான் நினைக்கிறேன்.

மயாமியில் நின்றுபோன குண்டு

இன்று கடையில் விற்கும் எல்லாப் பாதுகாப்புத் தோட்டாவின் பின்னாலும் 1986 ஏப்ரல் 11-ஆம் தேதி இருக்கிறது. அன்று காலை மயாமிக்குத் தெற்கே, வங்கிகளையும் பண வண்டிகளையும் கொள்ளையடித்து வந்த வில்லியம் மாட்டிக்ஸ், மைக்கேல் பிளாட் என்ற இருவரின் காரை எட்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகள் வழிமறித்தார்கள். சில நிமிடங்களே நடந்த சண்டையில் நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டாக்கள் வெடித்தன. ஜெரி டவ், பெஞ்சமின் குரோகன் என்ற இரு அதிகாரிகள் இறந்தார்கள், ஐவர் காயமடைந்தார்கள்.

சண்டையின் தொடக்கத்திலேயே பிளாட்டின் மீது ஒரு 9 மி.மீ. குண்டு பட்டது. வின்செஸ்டர் சில்வர்டிப் என்ற 115 கிரெயின் ஹாலோ பாயிண்ட். அது அவனுடைய வலது மேற்கையைத் துளைத்து, விலா வழியாக நெஞ்சுக்குள் போய், நுரையீரலைக் கிழித்து, இதயத்துக்குச் சுமார் ஓர் அங்குலம் முன்பாக நின்றுவிட்டது. அந்தக் காயமே பிளாட்டைக் கொன்றிருக்கும். ஆனால் உடனே அல்ல. அதற்குப் பிறகும் அவன் ஓடியாடி, கையிலிருந்த ரூகர் மினி-14 துப்பாக்கியால் சுட்டு, டவ்வையும் குரோகனையும் கொன்றான். கடைசியில், ஒரு கை சிதைந்த நிலையில் எட்முண்டோ மிரேலெஸ் என்ற அதிகாரி நெருங்கிச் சென்று ரிவால்வரால் இருவரையும் சுட்டு முடித்தார்.

அந்தக் குண்டு பழுதில்லாமல்தான் வேலை செய்தது. செய்தவர்கள் எதிர்பார்த்தபடியே விரிந்தது, எதிர்பார்த்தபடியே சீக்கிரம் நின்றது. கோளாறு அந்த எதிர்பார்ப்பில்தான் இருந்தது. 1970-களில் அமெரிக்க நீதித்துறையின் ஆதரவில் நடந்த ஓர் ஆய்வு, கணினியில் மனித உடல் மாதிரி ஒன்றை வைத்துத் தோட்டாக்களுக்கு மதிப்பெண் போட்டது. வேகமாகப் போய் ஆழம் குறைவான இடத்திலேயே ஆற்றலைக் கொட்டும் இலேசான குண்டுகளுக்கு அதில் மதிப்பெண் கூடியது. காவல்துறைகள் அந்தப் பட்டியலைப் பார்த்துத் தோட்டா வாங்கின. எதிராளி நேருக்கு நேராக, கைகளைத் தொங்கவிட்டு, நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்பான் என்பது அந்தக் கணக்கின் அடியில் ஒளிந்திருந்த நினைப்பு. உண்மையான சண்டையில் துப்பாக்கி நீட்டுபவனின் கை, நெஞ்சுக்கு முன்னால்தான் இருக்கும். குண்டு முதலில் கையைக் கடக்க வேண்டும், பிறகு விலா எலும்பை, அதன் பிறகுதான் உள்ளே.

1987 செப்டம்பரில் எஃப்.பி.ஐ. தன் குவாண்டிகோ பயிற்சி மையத்தில் அறுவை மருத்துவர்களையும் குண்டு ஆய்வாளர்களையும் கூட்டி விவாதித்தது. 1989-இல் அந்த நிறுவனத்தின் துப்பாக்கிப் பயிற்சிப் பிரிவு வெளியிட்ட அறிக்கை, 'ஸ்டாப்பிங் பவர்', அதாவது பட்டவனை அங்கேயே நிறுத்தும் வலு குண்டுக்கு உண்டு என்ற பேச்சையே அடித்து நொறுக்கியது. கைத்துப்பாக்கிக் குண்டு யாரையும் தூக்கி எறியாது; சுடுபவரின் கையில் உணரும் உதையைவிடப் பெரிய தள்ளல் படுபவருக்குக் கிடைக்கவே கிடைக்காது. நீள் துப்பாக்கியின் அதிவேகக் குண்டு தன்னைச் சுற்றியுள்ள திசுவை அகலமாக இழுத்துக் கிழிக்கும். கைத்துப்பாக்கிக் குண்டின் வேகத்தில் திசு இழுபட்டு மறுபடி தன் இடத்துக்கே வந்துவிடும். அதனால் கைத்துப்பாக்கிக் குண்டு தான் போகும் பாதையில் நேரடியாக நசுக்குவதை மட்டுமே சேதப்படுத்துகிறது. இதயமே சிதைந்தாலும் மூளையில் எஞ்சியிருக்கும் ஆக்சிஜனை வைத்து ஒருவர் பத்துப் பதினைந்து விநாடி இயங்க முடியும் என்றும் அந்த அறிக்கை சொன்னது. ஆகவே முக்கிய உறுப்புகளை எட்டும் ஆழம் முதலில்; துளையின் அகலம் அதற்கு அடுத்தது.

தோட்டாவைப் பற்றிய எந்த விளம்பரத்தைப் படிக்கும்போதும் இந்த வரிசையை மனத்தில் வைத்திருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஜெல் கட்டி என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

ஆழத்தை அளக்க ஓர் அளவுகோல் வேண்டுமே. அதைத் தந்தவர் ராணுவ அறுவை மருத்துவர் மார்ட்டின் ஃபேக்லர். 1980-களில் சான் பிரான்சிஸ்கோவில் இருந்த லெட்டர்மன் ராணுவ ஆய்வு நிறுவனத்தில், எடையில் பத்துக்கு ஒரு பங்கு ஜெலட்டின் கலந்து நான்கு டிகிரி செல்சியஸில் குளிர்வித்த கட்டிக்குள் குண்டு போகும் ஆழம், பன்றியின் தசைக்குள் போகும் ஆழத்தோடு ஒத்துப்போகிறது என்று அவர் காட்டினார். கட்டி சரியாகத் தயாராகியிருக்கிறதா என்று பார்க்கவும் ஒரு வழி உண்டு. 4.5 மி.மீ. இரும்புச் சிறுகுண்டு ஒன்றை விநாடிக்கு ஏறத்தாழ 180 மீட்டர் வேகத்தில் அதில் சுட வேண்டும். எட்டரை சென்டிமீட்டர் ஆழத்தை ஒட்டி நின்றால் கட்டி சரி. கட்டி கெட்டியாகவோ தளர்வாகவோ இருந்தால் அதில் வரும் எண்களுக்கு மதிப்பில்லை.

எஃப்.பி.ஐ. இதன் மேல்தான் தன் சோதனை முறையைக் கட்டியது. வெறும் ஜெல், கனத்த உடை போர்த்திய ஜெல், காரின் இரும்புத் தகடு, ஜிப்சம் சுவர்ப்பலகை, ஒட்டுப்பலகை, சாய்வாக வைத்த கார் முன்கண்ணாடி. இவற்றின் வழியே சுட்டு, ஒவ்வொன்றிலும் குண்டு குறைந்தது 12 அங்குலம் போக வேண்டும், 18-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று வைத்தார்கள். மனித நெஞ்சு 12 அங்குலத் தடிப்பா என்று தோன்றலாம். இல்லைதான். ஆனால் பக்கவாட்டில் படும் குண்டு, கையைத் தாண்டி வரும் குண்டு, பருமனான உடம்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் 12 என்பது தாராளம் இல்லை. பிளாட்டின் இதயத்தை எட்டாமல் போன அந்த ஓர் அங்குலம் இந்த எண்ணுக்குள் இருக்கிறது.

ஆறு சோதனைகளிலும் சாதாரண மனிதருக்கு முக்கியமானவை இரண்டுதான்: வெறும் ஜெல், உடை போர்த்திய ஜெல். கார்க் கண்ணாடி வழியே சுட வேண்டிய நிலை காவலருக்கு வரலாம். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் போய் வருபவருக்கு அநேகமாக வராது. உடைச் சோதனை ஏன் முக்கியம் என்றால், பழைய ஹாலோ பாயிண்டுகள் தோற்ற இடமே அதுதான். துணியைக் கடக்கும்போது நூலும் பஞ்சும் குண்டின் பள்ளத்தில் அடைத்துக்கொள்ளும். பள்ளம் அடைபட்டால் திசு உள்ளே புக முடியாது. குண்டு விரியாமல், நான்கு மடங்குக்கு மேல் விலை கொடுத்து வாங்கிய எஃப்.எம்.ஜே. போலவே ஓடிவிடும். இதனால் நான்கு அடுக்கு டெனிம் துணியை ஜெல்லுக்கு முன்னால் கட்டிச் சுடும் கடுமையான சோதனையும் பின்னால் வழக்கத்துக்கு வந்தது. நிஜத்தில் யாரும் நான்கு ஜீன்ஸ் போட்டுக்கொள்வதில்லை. ஆனால் அதையும் தாண்டி விரியும் குண்டு எந்தச் சட்டையையும் தாண்டி விரியும் என்ற நம்பிக்கை கிடைக்கிறது. ஃபெடரல் எச்.எஸ்.டி., ஸ்பீர் கோல்ட் டாட், வின்செஸ்டர் ரேஞ்சர் போன்ற தோட்டாக்கள் நல்ல பெயர் எடுத்ததற்குக் காரணம், இந்தச் சோதனைகளில் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொண்டதுதான். கோல்ட் டாட்டில் செம்பு உறை ஈயத்தோடு ஒன்றாகப் பிணைந்திருப்பதால் எலும்பிலோ கண்ணாடியிலோ பட்டால்கூட உறை கழன்று போவது அரிது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ஜெல் கட்டி மனித உடல் இல்லை. அதில் எலும்பு கிடையாது, தோல் கிடையாது, காற்று நிறைந்த நுரையீரல் கிடையாது. இரண்டு தோட்டாக்களை ஒரே தராசில் வைத்து ஒப்பிட அது உதவும். 'ஆளைச் சுட்டால் இத்தனை அங்குலம்தான் போகும்' என்று சொல்ல உதவாது. இன்னொன்று: காணொளிகளில் பளபளவென்று கண்ணாடிபோலத் தெரியும் செயற்கை ஜெல், ஜெலட்டின் கட்டி அல்ல. அதைக் குளிரூட்ட வேண்டாம், உருக்கி மறுபடி வார்க்கலாம், பார்க்கவும் அழகு. ஆனால் அதில் கிடைக்கும் ஆழமும் விரிவும் ஜெலட்டினில் கிடைப்பதோடு அப்படியே ஒத்துப்போவதில்லை. செயற்கை ஜெல்லின் எண்ணை எடுத்து எஃப்.பி.ஐ.யின் 12 அங்குலத்தோடு நேராக ஒப்பிடுவது பிழை. வீட்டுக் கொல்லையில் தண்ணீர் கேன்களை வரிசையாக வைத்துச் சுடுபவர்கள் குண்டு விரிகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். தண்ணீரில் கிடைக்கும் ஆழத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

மயாமியின் தாக்கத்தால் எஃப்.பி.ஐ. முதலில் பெரிய தோட்டா பக்கம் போனது. 10 மி.மீ.யைத் தேர்ந்தெடுத்து, உதை அதிகம் என்று மருந்தைக் குறைத்தது. குறைத்த அளவுக்கு ஏற்ற சிறிய கூட்டில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், வின்செஸ்டர் நிறுவனங்கள் 1990 ஜனவரியில் பாயிண்ட் 40 (0.40 அங்குல விட்டம்) தோட்டாவைக் கொண்டுவந்தன. அமெரிக்கக் காவல்துறைகள் இருபது ஆண்டுகளுக்கு மேல் அதைச் சுமந்தன. பிறகு குண்டு வடிவமைப்பு முன்னேறி, 9 மி.மீ., பாயிண்ட் 40, பாயிண்ட் 45 மூன்றும் ஜெல்லில் ஏறத்தாழ ஒன்றுபோல நடக்கத் தொடங்கின. வித்தியாசம் அவ்வளவுதான் என்றால் உதை குறைவான, மேகசினில் (தோட்டாக்களை அடுக்கிச் செருகும் கூட்டில்) அதிகம் கொள்ளும், வேகமாகவும் குறி தவறாமலும் சுட முடிகிற 9 மி.மீ.யே மேல் என்று 2014-இல் எஃப்.பி.ஐ. பயிற்சிப் பிரிவு வாதிட்டது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் 9 மி.மீ.க்கே திரும்பியது. 'எந்த அளவு சிறந்தது?' என்ற பழைய சண்டையில் இன்னும் நேரம் செலவழிப்பவர்களுக்கு என் பதில்: உங்கள் கைக்கு அடங்குகிற அளவு எதுவோ, அது.

சின்னத் துப்பாக்கியின் சிக்கல்

சோதனை எண்கள் பெரும்பாலும் நாலங்குலம், அதற்கு மேல் நீளமான குழலில் எடுக்கப்பட்டவை. மக்கள் சுமப்பதோ சின்னத் துப்பாக்கி. சிக் பி365-இன் குழல் மூன்று அங்குலத்தைச் சற்றே தாண்டும். குழல் குறுகினால் மருந்து முழுவதும் எரிந்து குண்டைத் தள்ளுவதற்குள் குண்டு வெளியே வந்துவிடும். அங்குலத்துக்கு விநாடிக்கு ஏழெட்டு மீட்டர் முதல் பதினைந்து மீட்டர் வரை வேகம் குறையலாம். ஹாலோ பாயிண்ட் விரிய ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும். அதற்குக் கீழே போனால் விரியாது. ஆகவே பெட்டியில் அச்சிட்ட வேகத்தை நம்பாமல், உங்கள் குழல் நீளத்தில் எடுத்த சோதனையைத் தேட வேண்டும். குறுகிய குழலுக்கென்றே செய்த வகைகளும் கிடைக்கின்றன.

பாயிண்ட் 380 துப்பாக்கியில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. சட்டைப் பையில் அடங்கும் துப்பாக்கி, இரண்டே முக்கால் அங்குலக் குழல். இதில் ஹாலோ பாயிண்ட் விரிந்தால் 12 அங்குலத்தை எட்டாமல் நிற்கும். எட்டினால் பல நேரம் விரியாமல்தான் எட்டியிருக்கும். இரண்டும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். அதனால் அனுபவமுள்ளவர்கள் பலர் இந்த அளவில் எஃப்.எம்.ஜே.யையோ மெதுவாக விரியும் குண்டையோ வேண்டுமென்றே தேர்வு செய்கிறார்கள். ஆழமா அகலமா என்று ஒன்றை விட வேண்டி வந்தால் அகலத்தை விட வேண்டும் என்ற மயாமிப் பாடம்தான் இங்கும். இரண்டு அங்குலக் குழல் பாயிண்ட் 38 ரிவால்வரிலும் இதே கதை. 148 கிரெயின் வாட்கட்டர் என்ற தட்டை முனைக் குண்டு, காகிதக் குறியில் சுடுவதற்காகச் செய்யப்பட்டது. உதை குறைவு, விரிவதை நம்பியிருக்கத் தேவையில்லை, போதுமான ஆழம் போகும். வயதானவர்களுக்கும் கைப்பிடி வலு குறைந்தவர்களுக்கும் அது நல்ல தேர்வு.

சுவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 'ஹாலோ பாயிண்ட் சுவரைத் துளைக்காது, அடுத்த அறையில் குழந்தைகள் தூங்கினாலும் பயமில்லை' என்று சிலர் சொல்கிறார்கள். இது பொய், ஆபத்தான பொய். அமெரிக்க வீட்டின் உட்சுவர் நம் ஊர்ச் செங்கல் சுவர் இல்லை. மரச்சட்டத்தின் இருபுறமும் அடித்த மெல்லிய ஜிப்சம் பலகை. அதைக் கடக்கும்போது பள்ளத்தில் ஜிப்சம் அடைத்துக்கொண்டு ஹாலோ பாயிண்டும் விரியாமல் பல சுவர்களைத் துளைக்கும். எந்தத் தோட்டா என்பதைவிட, குறிக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பதே அங்கு உயிரைத் தீர்மானிக்கும்.

பயிற்சித் தோட்டா

இதில் பெரிய ரகசியம் இல்லை. பாதுகாப்புக்கு 124 கிரெயின் வைத்திருந்தால் பயிற்சிக்கும் 124 கிரெயினே வாங்குங்கள்; 147 என்றால் 147. உதையும் குண்டு படும் இடமும் நெருக்கமாக இருக்கும். கனமான குண்டு, கிட்டத்தில் உள்ள குறியில் சற்று மேலே படும், ஏனென்றால் மெதுவாகக் குழலைக் கடப்பதற்குள் துப்பாக்கி உதையில் கொஞ்சம் எழும்பிவிடுகிறது. ப்ளஸ் பி என்று குறித்த தோட்டாக்களில் அழுத்தம் கூடுதல். 9 மி.மீ.க்கு அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர் சங்கம் வைத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. ப்ளஸ் பி-க்கு 38,500. பழைய துப்பாக்கிகளுக்கு அது ஏற்றதா என்று கையேட்டில் பார்த்துவிட வேண்டும்.

இரும்புக் கூட்டுத் தோட்டா மலிவு. ஆனால் உள்ளரங்குச் சுடுதளங்கள் பல, காந்தத்தில் ஒட்டும் தோட்டாவை அனுமதிப்பதில்லை. குண்டின் உறையில் இரும்பு இருந்தால் தீப்பொறி பறக்கும், தடுப்புச் சுவரும் கெடும். விலை நிலையாக இருக்கும் என்றும் நம்ப முடியாது. 2020-க்கு முன் இருபது சென்ட் அளவில் இருந்த 9 மி.மீ. பயிற்சித் தோட்டா, தொற்றுக் காலத்துத் தட்டுப்பாட்டில் எழுபது சென்டைத் தாண்டியது. பயிற்சியைக் கைவிட்டவர்கள் அப்போது ஏராளம்.

பலர் கண்டுகொள்ளாத ஒன்று ஈயம். வழக்கமான ப்ரைமரில் ஈயச் சேர்மம் இருக்கிறது, எஃப்.எம்.ஜே. குண்டின் அடிப்பக்கம் பெரும்பாலும் திறந்திருப்பதால் அங்கிருந்தும் ஈயம் ஆவியாகிறது. மூடிய அரங்கில் இதைத்தான் சுவாசிக்கிறோம். அடியும் மூடிய குண்டு, ஈயமில்லாத ப்ரைமர் உள்ள தோட்டாக்கள் கிடைக்கின்றன. சுட்டு முடித்ததும் கை கழுவாமல் எதையும் சாப்பிட வேண்டாம். வீட்டில் சிறு குழந்தை இருந்தால் சுடுதளத்துக்குப் போட்ட காலணியோடும் சட்டையோடும் உள்ளே போகாதீர்கள். குழந்தையின் மூளைக்கு ஈயம் செய்யும் கேடு திரும்பச் சரியாகாது.

உங்கள் துப்பாக்கியில் ஓடுகிறதா?

ஜெல்லில் எவ்வளவு அழகாக விரிந்தாலும், உங்கள் துப்பாக்கியில் சிக்கினால் அந்தத் தோட்டா வீண். ஹாலோ பாயிண்டின் முனை உருண்டையாக இல்லாததால் மேகசினிலிருந்து குழலுக்குள் ஏறும் சரிவில் சில துப்பாக்கிகளில் தட்டி நிற்கும். உருண்டை முனைக்கென்று வடிவமைத்த பழைய பிஸ்டல்களில் இது அதிகம். ஆக, சோதனை என்றால் முதலில் ஓட்டிப் பார்க்கும் சோதனைதான்.

எத்தனை சுட்டால் நம்பலாம்? 200 என்பது வெகுநாள் வழக்கு. விலையை நினைத்துப் பலர் ஒரு பெட்டி, 20 தோட்டாவோடு நிறுத்திவிடுகிறார்கள். புள்ளியியலில் எளிய கணக்கு ஒன்று உண்டு: எத்தனை முறை சிக்கலில்லாமல் ஓடியதோ, அந்த எண்ணால் மூன்றை வகுத்தால் சிக்கல் விகிதத்தின் மேல்வரம்பு தோராயமாகக் கிடைக்கும், 95 விழுக்காடு உறுதியோடு. 20 சுட்டு ஒன்றும் சிக்காவிட்டால்கூட நூற்றுக்கு 15 வரை சிக்க வாய்ப்பு இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. 200 சுட்டால் அந்த வரம்பு ஒன்றரைக்கு இறங்கும். இரண்டுக்கும் நடுவே நியாயமான வழி இருக்கிறது. துப்பாக்கியின் இயந்திரத்தை ஐந்நூறு பயிற்சித் தோட்டாவால் சோதியுங்கள். பாதுகாப்புத் தோட்டாவில் குறைந்தது 50 சுட்டு, அது ஏறுகிறதா, கூடு சரியாக வெளியேறுகிறதா, குறிவைத்த இடத்தில் படுகிறதா என்று பாருங்கள். ஒரு முறை சிக்கினாலும் காரணம் தெரியும்வரை அதைச் சுமக்க வேண்டாம்.

எப்படிச் சுடுகிறோம் என்பதும் கணக்கு. வைத்திருக்கும் ஒவ்வொரு மேகசினையும் நிரப்பிச் சுட வேண்டும், ஏனென்றால் சிக்கல் பாதிக்கு மேல் மேகசினில்தான் ஒளிந்திருக்கும் என்பது என் அனுபவம். முழுக்க நிரம்பிய மேகசினிலிருந்து முதல் தோட்டா ஏறுகிறதா, கடைசித் தோட்டாவுக்குப் பின் ஸ்லைடு (துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி) திறந்து நிற்கிறதா என்று கவனியுங்கள். ஒரு கையால் சுடுங்கள், இடது கையால் சுடுங்கள். மணிக்கட்டு தளர்ந்தால் சின்னத் துப்பாக்கிகள் உடனே சிக்கிக்கொள்ளும்.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் துப்பாக்கியைக் குறிப் பக்கமே நீட்டி அரை நிமிடம் காத்திருங்கள், தாமதமாக வெடிக்கலாம். சத்தம் வழக்கத்தைவிட மொண்ணையாக, உதை இல்லாமல் வந்தால் அதைவிட ஆபத்து. குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கக்கூடும். நிறுத்தி, தோட்டாக்களை அகற்றி, குழலைப் பார்த்த பிறகுதான் மேலே எதுவும்.

தேர்ந்தெடுத்த பிறகும் தோட்டாவைக் கவனிக்க வேண்டும். தினமும் இரவில் துப்பாக்கியை வெறுமையாக்கிக் காலையில் அதே தோட்டாவை மறுபடி ஏற்றுபவர்கள் உண்டு. ஒவ்வொரு முறையும் குண்டின் முனை சரிவில் மோதி, கூட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அழுந்தும். உள்ளே இடம் குறைந்தால் மருந்து எரியும்போது அழுத்தம் எகிறும். மேல்தோட்டாவைப் புதிய தோட்டாவோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணுக்கே குட்டையாகத் தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள். வியர்வை, துப்பாக்கி எண்ணெய் இரண்டும் ப்ரைமருக்கு எதிரி. பெட்டியில் உள்ள தொகுதி எண்ணைக் குறித்து வையுங்கள். நிறுவனங்கள் பழுதான தொகுதியைத் திரும்பப் பெறும்போது அந்த எண்ணை வைத்துத்தான் அறிவிப்பார்கள்.

மாநிலச் சட்டத்தையும் வாங்கும் முன்பே பார்க்க வேண்டும். நியூ ஜெர்சியில் ஹாலோ பாயிண்ட் வாங்கலாம், வீட்டில் வைக்கலாம், சுடுதளத்துக்குக் கொண்டுபோகலாம். ஆனால் மறைத்துச் சுமக்கும் அனுமதி பெற்ற சாதாரணக் குடிமகன் அதைத் தெருவில் சுமப்பது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். பள்ளத்தைப் பாலிமரால் நிரப்பிய ஹோர்னடி கிரிட்டிக்கல் டிஃபன்ஸ் போன்றவற்றை ஹாலோ பாயிண்டாகக் கருதுவதில்லை என்று அம்மாநிலக் காவல்துறை சொல்லியிருக்கிறது. அங்குள்ளவர்கள் அதைத்தான் தேடுகிறார்கள். பென்சில்வேனியாவிலிருந்து ஆற்றுப் பாலத்தைக் கடந்து நியூ ஜெர்சிக்கு வருபவர் துப்பாக்கி அனுமதியையும் சேர்த்தே யோசிக்க வேண்டும், ஏனென்றால் ஒரு மாநில அனுமதி அடுத்த மாநிலத்தில் தானாகச் செல்லாது.

சுமந்து சுமந்து பழசான பாதுகாப்புத் தோட்டாக்களை ஆண்டுக்கு ஒருமுறை, சுமந்த அதே மேகசினிலிருந்தே சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதியவற்றைப் போடுங்கள். குட்டையாகிப்போனது என்று ஒதுக்கியதை மட்டும் இதில் சேர்க்காமல், அப்புறப்படுத்தச் சுடுதளக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.